குளிர்முறைச் சவர்க்காரம்

குளிர்முறைச் சவர்க்காரம் என்பது எண்ணெய்களையும் சோடியம் ஐதராக்சைடு (எரிசோடா) கரைசலையும் கலந்து, அடுப்பில் காய்ச்சாமல் வீட்டில் தயாரிக்கப்படும் சவர்க்காரம் ஆகும். ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் இது ஒரு பொழுதுபோக்குக் கைத்தொழிலாக உள்ளது.

தயாரிப்பு

தேவைப்படும் எரிசோடாவின் அளவு எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183 கிராமும், ஆலிவ் எண்ணெய்க்கு 0.135 கிராமும் தேவை. எனவே 300 கிராம் தேங்காய் எண்ணெயும் 700 கிராம் ஆலிவ் எண்ணெயும் கொண்ட கலவைக்கு 149 கிராம் வேண்டும். மிகுதிக் காரம் தோலைப் புண்ணாக்கும் என்பதால் 5% குறைத்து, 142 கிராம் மட்டுமே இடுவர். எரிசோடாவையே நீரில் சிறிது சிறிதாக இடவேண்டும். அதன்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. எரிசோடா அதனை அரித்து ஐதரசன் வளிமத்தை வெளியிடும். வார்த்த கட்டிகள் 4 முதல் 6 வாரங்கள் உலரவிடப்படுகின்றன.

பருவகாலச் சேர்பொருட்கள்

இலையுதிர் காலத்தில் பூசணிக் கூழும், நத்தாரையொட்டிப் புதினா எண்ணெயும் சேர்ப்பர். கூழிலுள்ள சர்க்கரை கலவையை மேலும் சூடாக்குவதால் கட்டி வெடிப்பதுண்டு. லாவெண்டர் பூக்களைக் கலவையினுள் இட்டால் காரம் அவற்றைப் பழுப்பாக்கிவிடும்.

வேடிக்கை வடிவங்கள்

கேக், பழத்துண்டு போன்ற வடிவங்கள் விரும்பப்படுகின்றன. ஆயினும் குழந்தைகள் உணவென்றெண்ணி விழுங்கக்கூடும். உணவுபோல் தோன்றி உடல்நலத்துக்குத் தீங்கு விளைக்கும் பொருட்களின் விற்பனையை அன்றைய ஐரோப்பிய சமூகம் 1987 இல் ஒரு பணிப்புரை மூலம் தடைசெய்தது. 2024 டிசம்பர் 13 முதல் அதனிடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பொருட் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறையில் உள்ளது.