மூலைக் கடைவீடு

வரலாறு என்றதும் கோட்டைகளும் கோபுரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. மன்னன் எழுப்பிய மாளிகைக்கு வரலாறு உண்டு. மளிகை வணிகன் எழுப்பிய கடைக்கும் உண்டு. அத்தகைய கட்டடம் ஒன்றைக் காணப் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகருக்குச் செல்வோம்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் இத்தீவில் ஒரு துறைமுகத்தைத் தொடங்கினார். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அங்கே வந்து குடியேறினர். தமிழ் முஸ்லிம் வணிகர் வாழ்ந்த பகுதியில் இன்றும் சூலியா தெரு என்னும் பெயர் நிலைத்திருக்கிறது. அதன் அருகே 1801இல் நிறுவப்பெற்ற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர்தம் செல்வாக்குக்குச் சான்று பகர்கிறது.

இந்நகரத் தெருக்களில் வரிசை வரிசையாக நிற்பவை கடைவீடுகள். கீழே கடை, மேலே வீடு. அடுத்தடுத்த இரு வீடுகளுக்கும் ஒரே சுவர் பொது. அச்சுவர்களின்மீது மர உத்திரங்கள் குறுக்கே கிடக்கின்றன. உத்திரத்தின் நீளமே வீட்டின் அகலத்தை வரையறுத்தது. ஆகவே முகப்பு பெரும்பாலும் இருபது அடிக்குள் அடங்கும். உட்புறமோ அதைப்போல் பன்மடங்கு நீண்டு செல்லும். இத்துணை நீண்ட வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் எவ்வாறு கிட்டும்? நடுவே வானம் தெரியும் முற்றம் ஒன்று அமைத்தனர். வெப்பக்காற்று அவ்வழியே மேலேற, குளிர்ந்த காற்று உள்ளே புகுந்தது.

தெருமுனையில் நிற்கும் கடைவீட்டுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதற்கு இரண்டு முகங்கள். ஒருபுறச் சுவர் அண்டைவீட்டோடு ஒட்டியிராமல் குறுக்குத் தெருவை நோக்கி நிற்பதால், அச்சுவர் நெடுகச் சன்னல்கள் வைக்கலாம். இரு தெருக்களில் வருவோரும் அக்கடையைக் காண்பர். காப்பிக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் மூலையைவிடச் சிறந்த இடம் ஏது?

ஆனால், இவ்வீட்டின் உயிர்நாடி அதன் சுவரிலோ கூரையிலோ இல்லை, வாசலில் இருக்கிறது. மேல்மாடி முன்னே நீண்டு, தூண்களின்மீது நிற்க, அதன் கீழே ஒரு நடைவழி செல்கிறது. மலாயாத் தமிழர் இதனை ‘அஞ்சடி’ என்பர். 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரத்தைத் திட்டமிட்ட ராபிள்ஸ், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டும் வீடு ஒவ்வொன்றும் முன்புறம் ஒரு தாழ்வாரம் விடவேண்டும் என்றும், அவை யாவும் தெரு நெடுகத் தொடர்ந்த பொதுவழியாகத் திறந்திருக்கவேண்டும் என்றும் ஆணையிட்டார். பின்னர் பினாங்கிலும் இம்முறை பரவியது. சுடும் வெயிலிலும் கொட்டும் மழையிலும் வழிப்போக்கர் நிழலிலேயே நடந்தனர். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. மூலைவீட்டுக்காரர் பலர் இரு தெருக்களிலும் இவ்வாறு இடம் விட்டனர்.

இவ்விரு உரிமைகளும் மோதாமல் இருந்தனவா? இல்லை. வணிகர் தம் பண்டங்களை அஞ்சடியில் பரப்பினர். பணம் மாற்றுவோரும் வெற்றிலை விற்போரும் அங்கேயே தொழில் நடத்தினர். 1888இல் சிங்கப்பூர் நகராட்சி அவற்றை அகற்ற முற்பட்டபோது, கடைகள் அடைக்கப்பட்டன, கலகம் மூண்டது. நடப்பதற்கு வழியும் வேண்டும், பிழைப்பதற்கு இடமும் வேண்டும் என்ற வழக்கு அன்றே எழுந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு சோதனை வந்தது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வீடுகளில் குடியிருந்தோரை உயர் வாடகையினின்று காத்துவந்தது. குறைந்த வாடகையால் பழுதுபார்க்க வழியில்லை என உரிமையாளர் முறையிட்டதும் உண்மை. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்காப்பு நீங்கியது. வாடகை உயரவே, தலைமுறை தலைமுறையாக மேல்மாடியில் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. மனிதர் நீங்கிய சில வீடுகளில், விலைமிக்க கூடுகளுக்காக உழவாரக் குருவிகளைக் குடியேற்றினர்!

2008இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பால் உலகப் பாரம்பரிய நகரங்களாக ஏற்கப்பட்டன. முகப்புகள் சீராயின, பயணிகள் குவிந்தனர். பல கட்டடங்கள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. கட்டடம் பிழைத்தது, ஆனால் ‘கடைவீடு’ என்னும் சொல்லில் கடை மட்டும் எஞ்சி, வீடு மறைந்துவிடுமோ என்னும் ஐயம் எழுகிறது.

மாணவ நண்பர்களே! பழைய கட்டடத்தைக் காணும்போது, இதனைக் கட்டியவர் யார் என்று மட்டும் வினவாதீர்கள். இதில் வாழ்ந்தவர் யார், இதன் நிழலில் நடந்தவர் யார் என்றும் வினவுங்கள். செங்கல்லையும் சுண்ணாம்பையும் காப்பது எளிது. தன் வாசலில் ஐந்தடியை ஊருக்கு விட்டுக்கொடுத்த அந்த வாழ்க்கைமுறையைக் காப்பதே அரிது.