ஒப்பாரியும் ஒரு மனுதான்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க அக்கா" என்று நம்ம கணக்காளர் பொண்ணு கேட்டாள். சேமிப்பு, கடன், கறவை மாடு பற்றியெல்லாம் மற்றவங்க எழுதிடுவாங்க, நான் ஒப்பாரியைப் பற்றி எழுதறேன் என்றேன். நல்ல காரியத்துக்குப் போடற மலரில் எழவு வீட்டுப் பாட்டா என்று அவளுக்கு ஒரே சங்கடம். ஆனால் நம்ம பொம்பளைங்களோட வரலாற்றை எழுதப் போனால் ஒப்பாரியைத் தாண்டிப் போக முடியாது. ஏன் என்பதை என் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

எங்க ஊர் செஞ்சிப் பக்கம். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பா பாம்பு கடிச்சு இறந்துபோனார். அம்மா அதுவரைக்கும் என் சித்தப்பா எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னாடி போய்விடுவாள். அன்றைக்கு அப்பாவை வாசலில் கிடத்தியிருந்தப்ப, எங்க ஆயாவின் கழுத்தைக் கட்டிக்கிட்டு அம்மா ஒப்பாரி வைத்தாள். முதலில் அப்பாவை ராஜா மாதிரி உயர்த்திப் பாடினாள். அப்புறம் மெட்டு மாறாமலே கிணத்துமேட்டு நிலத்துக்குப் போனாள். அந்த அரை ஏக்கர் இனிமேல் யாருக்கு, ரெண்டு பொட்டப் புள்ளைங்களை எந்த வாசலில் நிறுத்துவேன் என்று, பேர் சொல்லாமலே சித்தப்பாவைக் கேட்டாள். தெருவே கேட்டுச்சு. வாயை மூடு என்று யாரும் சொல்லவில்லை. எழவு வீட்டில் அழுகிறவளை அடக்குவது எங்க ஊர் வழக்கத்தில் இல்லை.

பதினாறாம் நாள் பெரியவங்க உட்கார்ந்து பேசி, நிலம் அம்மாவுக்குத்தான் என்றாங்க. எழுத்தில் ஒண்ணும் வாங்கவில்லை. மூணு வருஷம் அம்மா அதில் மல்லாட்டை போட்டாள். நாலாம் வருஷம் சித்தப்பா ஏர் ஓட்டிட்டார். அம்மா அழுதது ஊர் காதில் ஏறுச்சு, பத்திரத்தில் ஏறலை.

துக்கத்தில் நியாயம் கேட்கிற இந்த வழக்கம் அம்மாவோடு தொடங்கினது இல்லை. என் மகள் கல்லூரியில் தமிழ் படித்தவள். அவள் புறநானூற்றை வாசித்துக் காட்டிப் பொருள் சொன்னபோதுதான் எனக்கே இது தெரிந்தது. சங்க காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண் புலவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவர் இறந்ததை நினைத்துப் பாடும் பாட்டுக்குக் 'கையறுநிலை' என்று பேர். செய்வதறியாமல் நிற்கிற நிலை என்று பொருள். ஔவையார், தன்னை ஆதரித்த அதியமான் இறந்தபோது அப்படிப் பாடியிருக்கிறார்.

புறநானூற்றின் 112-ஆம் பாட்டு பாரியின் பெண்கள் பாடியது. மூவேந்தர்களும் பறம்பு மலையை முற்றுகை போட்டாங்க, பாரி இறந்தான். ஒரு மாசத்துக்குள் அப்பாவையும் மலையையும் சேர்த்து இழந்ததை, வானத்து நிலவை வைத்து அந்தப் பெண்கள் சொல்கிறார்கள். மொத்தம் அஞ்சே வரி. மகள் வாசித்து முடித்ததும் எனக்குக் கிணத்துமேடுதான் ஞாபகம் வந்தது. அப்பா போனால் பொண்ணுக்கு நிலமும் போகும் என்பது அன்றைக்கே இருந்திருக்கிறது.

246-ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியன் என்ற அரசனின் மனைவி பெருங்கோப்பெண்டு. கணவன் சிதையில் அவர் இறங்கப் போகிறார். ஊர்ச் சான்றோர் தடுக்கிறார்கள். தீயில் இறங்கியதை நாம் புகழ வேண்டாம். அந்தக் கொடுமை நமக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் அவர் சான்றோரைப் பார்த்துச் சொன்ன காரணத்தைக் கவனிக்கணும். நெய் இல்லாத சோறும், வேளைக் கீரையும், பாய் இல்லாமல் பரல் கல் மேல் படுக்கையுமாகக் கைம்பெண்கள் வாழ்வதைச் சொல்லி, அப்படி வாழ்கிறவள் நான் இல்லை என்கிறார். கைம்பெண் என்ன சாப்பிடணும், எதில் படுக்கணும் என்று அன்றைக்கே கட்டுப்பாடு இருந்ததற்கு அந்தப் பாட்டே சாட்சி. சாட்சி சொன்னது ஒரு பெண்.

அடுத்தது நம்ம எல்லாருக்கும் தெரிந்த கண்ணகி. கோவலனைக் கள்ளன் என்று சொல்லிக் கொன்ற சேதி கேட்டதும் அவள் மதுரைத் தெருவில் அழுதுகொண்டே போகிறாள். சிலப்பதிகாரத்தில் அந்தப் பகுதிக்கு 'ஊர்சூழ்வரி' என்று பேர். ஊரைச் சுற்றி வந்து அழுவதுதான் அது. அதற்கு அடுத்த பகுதி 'வழக்குரை காதை'. தெருவில் அழுதவள் அரண்மனைக்குப் போய்ச் சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். பாண்டிமாதேவி சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று நிரூபிக்கிறாள். முதலில் ஒப்பாரி, அப்புறம் கையில் ஆதாரம். இந்த வரிசையை மனசில் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் மறுபடியும் இதற்கு வருவேன்.

நாடகத்துக்கு வருவோம். அரிச்சந்திரன் நாடகத்தில் மயான காண்டம் விடியும் நேரத்தில்தான் நடக்கும். பாம்பு கடித்து இறந்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருவாள். அங்கே காவல் இருப்பது அவள் புருஷன்தான். அடையாளம் தெரியாமல் அவளிடமே சுடுகாட்டுக் கூலி கேட்பான். பிள்ளையை எரிக்கக்கூடக் காசு இல்லாத ஒரு தாயின் அழுகை அது. பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் அதுவரை கதை பேசிக்கிட்டு இருந்தாலும் அந்த இடத்தில் முந்தானையை எடுத்துடுவாங்க. எங்க அம்மா ஒவ்வொரு வருஷமும் அழுவாள். பாம்பு என்ற சொல் வந்தாலே ஆரம்பிச்சிடுவாள்.

எங்க பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் படுகளம். துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகச் செய்து தரையில் கிடத்துவாங்க. அவ்வளவு கெட்டவனுக்கும் ஒருத்தி அழுகிற வேஷம் வரும். பழைய கூத்தில் பெண் வேஷம் கட்டினது ஆம்பளைங்கதான். ஆனால் அவங்க பாடுகிற அழுகை, நம்ம வீட்டுத் திண்ணையில் கேட்ட ஒப்பாரி மாதிரியேதான் இருக்கும்.

எழவு வீட்டில் பாடினதை ரொம்ப காலம் யாரும் எழுதி வைக்கவில்லை. பேராசிரியர் நா. வானமாமலை போன்றவர்கள் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தபோதுதான் ஒப்பாரியும் புத்தகத்தில் ஏறியது. "கூலிக்கு மாரடிக்கிறான்" என்று நாமே கேலியாகச் சொல்கிறோம். கூலிக்கு மாரடித்த பெண்கள் யார் என்று யோசித்திருக்கிறோமா? பெரும்பாலும் நிலம் இல்லாத வீட்டுப் பெண்கள். சொந்தத் துக்கத்தை இன்னொருத்தர் வாசலில் வைத்து அழுதவங்க. இப்போ பல ஊரில் பதிவு செய்த ஒப்பாரியை ஒலிபெருக்கியில் போட்டுடறாங்க. அதில் அந்த வீட்டுக்காரியின் குறை ஒண்ணுகூட இருக்காது.

இனி சட்டத்தைப் பார்ப்போம். 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே, இறந்தவர் பங்கில் மனைவிக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உரிமை இருந்தது. எங்க அப்பா இறந்தபோது அந்தச் சட்டம் வந்து இருபது வருஷத்துக்கு மேலே ஆகியிருந்தது. எங்க தெருவில் அது ஒருத்தருக்கும் தெரியாது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்குச் சமமாகப் பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அது பொருந்தாது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. அதே 1989-இல்தான் தருமபுரி மாவட்டத்தில் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியது என்பதையும் இந்த மலரில் சொல்லியாகணும். குழுவில் சேர்ந்த பிறகுதான் எனக்கு வாரிசு என்ற சொல்லுக்கே அர்த்தம் தெரிந்தது. அம்மாவைக் கூட்டிக்கிட்டு நிலத்தைப் பற்றி விசாரிக்கப் போனேன். அதற்குள் அது ரெண்டு கை மாறிடுச்சு. அம்மா ஒண்ணும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி, வாய்க்குள்ளேயே அந்தப் பழைய ஒப்பாரியைப் பாடிக்கிட்டு வந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் இறந்தார். எனக்கு அழுகையே வரவில்லை, பாட்டும் வரவில்லை. நம்ம குழுவின் மூத்த அக்கா ஒருத்தர் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு எனக்காகப் பாடினாங்க. அவர் பேரில் இருக்கிற வீட்டு மனையையும் பாட்டில் கொண்டுவந்து, இதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாங்க. பதினாறாம் நாள் வளையலை உடைக்க வந்தப்ப, "அவளைக் கேட்டுட்டுச் செய்ங்க" என்று அதே அக்கா குறுக்கே நின்றாங்க. வளையலும் பொட்டும் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். ரெண்டு பேர் எழுந்து போனாங்க. மற்றவங்க உட்கார்ந்திருந்தாங்க.

அந்த மாசமே குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதினாங்க: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்க ரெண்டு உறுப்பினர்கள் என்கூட வரணும் என்று. மனை இன்றைக்கு என் பேரிலும் பிள்ளைகள் பேரிலும் இருக்கிறது. கண்ணகி போன வரிசை இதுதான்: முதலில் அழுகை, அப்புறம் ஆதாரம். என் அம்மாவுக்கு முதல் பாதி மட்டும்தான் கிடைத்தது.

சகோதரிகளே, ஒவ்வொரு குழுவும் ரெண்டு வேலை செய்யணும். நம்மில் ஒருத்திக்குத் துக்கம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அழுங்க, அவள் பாட்டில் சொல்கிற குறையைக் காது கொடுத்துக் கேளுங்க. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யணும் என்பதை எடுத்துச் சொல்லி, அப்புறம் வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், விதவை உதவித்தொகை எல்லாவற்றுக்கும் கூடப் போங்க. ரெண்டாவது, ஊரில் இருக்கிற வயசான அம்மாக்கள் பாடுகிற ஒப்பாரியை, அவங்க சம்மதம் கேட்டு, அவங்க பேரோடு ஒரு நோட்டில் எழுதி வைங்க.

எங்க குழுவில் அந்த நோட்டைத் தொடங்கிட்டோம். அம்மா பாடினதில் எனக்கு நாலு வரிதான் ஞாபகம் இருந்தது. முதல் பக்கத்தில் அதை எழுதினேன். அதில் கிணத்துமேட்டு நிலம் அம்மா பேரில்தான் இருக்கிறது.