சரக்கு முன்னே, நெஞ்சம் பின்னே

1974 ஜனவரி 15 ஆம் நாள், இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் வீதிகளில் ஜப்பானிய மோட்டார் வாகனங்கள் தீக்கிரையாயின. அரசு விருந்தினராக வந்திருந்த ஜப்பானியப் பிரதமர் காக்குயெய் தனாக்கா மாளிகையை விட்டு வெளிவர இயலவில்லை. இரு நாள் கழித்து ஹெலிகாப்டரில் ஏற்றியே அவரை விமான நிலையம் சேர்த்தனர். கலவரத்தில் 11 பேர் மாண்டனர். 'ஜனவரி பதினைந்தின் பேரிடர்' என்னும் பொருள்படும் சொற்றொடரைச் சுருக்கி, 'மலாரி' என்று இந்தோனேசியர் இந்நிகழ்ச்சியைக் குறிப்பர்.

அந்நாளில் இரு அரசுகளுக்குமிடையே பகை ஏதும் இருக்கவில்லை. போர் இழப்பீட்டு உடன்படிக்கைகளைப் பர்மாவோடு 1954 இலும், பிலிப்பைன்ஸோடு 1956 இலும், இந்தோனேசியாவோடு 1958 இலும் ஜப்பான் செய்து முடித்திருந்தது. 1968 இல் மேற்கு ஜெர்மனியை விஞ்சி, பொதுவுடைமை சாராத உலகின் இரண்டாம் பெரும் பொருளாதாரமாகவும் அது உயர்ந்தது. சுகார்த்தோவின் அரசுக்கு ஜப்பானிய மூலதனம் இன்றியமையாததாக இருந்தது. ஏடுகளில் எல்லாக் கணக்கும் தீர்ந்திருந்தது. மக்கள் மனத்தில் மட்டும் தீரவில்லை.

தீராமைக்குக் காரணங்கள் பல. 'ஆசியா ஆசியருக்கே' என்ற முழக்கத்தோடு 1942 இல் வந்த ஜப்பானியப் படையை விடுதலை தருவோர் என நம்பி வரவேற்ற ஜாவா மக்கள், விரைவிலேயே கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். சயாம்–பர்மா ரயில்பாதையில் மாண்டோருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். இவற்றை நேரில் கண்டோர் 1974 இல் நடுவயதினரே. அவர்தம் பிள்ளைகளோ, படைக்குப் பதிலாகச் சரக்கு வருவதாகக் கருதினர். தாய்லாந்து மாணவர் 1972 நவம்பரிலேயே ஜப்பானியப் பொருள் புறக்கணிப்பு இயக்கம் நடத்தியிருந்தனர். உள்ளூராரோடு கலவாமல் தமக்குள்ளேயே வாழ்ந்த வணிகரைப் 'பொருளாதார விலங்கு' என்ற ஏளனச் சொல் சுட்டிற்று.

ஜகார்த்தாவின் சினம் முழுவதும் ஜப்பான்மீது எழுந்ததன்று என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. சுகார்த்தோவைச் சூழ்ந்திருந்த தளபதிகளின் ஊழல்மீதும் மாணவர்க்கு வெறுப்பிருந்தது. படைத்தலைவரிடையே பூசலும் இருந்தது. அவற்றை வெளிப்படையாகச் சாடுவது அரிது. தெருவில் ஓடிய வாகனமோ எவர் கண்ணுக்கும் எட்டியது. பொதுமக்கள் கருத்து எப்போதும் நேரிய தராசாக அமைவதில்லை. எனினும், வளரும் வல்லரசு ஒன்று அண்டை நிலத்தில் அத்தராசில்தான் நிறுக்கப்படுகிறது.

இதனை ஜப்பான் உணர்ந்தமைக்குச் சான்று, 1977 ஆகஸ்ட் 18 அன்று மணிலாவில் பிரதமர் தக்கியோ புகுடா ஆற்றிய உரை. ஜப்பான் மீண்டும் படை வல்லரசாகாது. தென்கிழக்கு ஆசிய மக்களோடு நெஞ்சோடு நெஞ்சம் கலந்த நம்பிக்கையை வளர்க்கும். ஆசியான் நாடுகளுக்குச் சமநிலைத் துணையாக நின்று, இந்தோசீன நாடுகளோடும் நல்லுறவு நாடும் என மூன்று உறுதிகளை அவர் அளித்தார்.

இலக்கிய அன்பர்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. 1974 இல் தோன்றிய டொயோட்டா அறக்கட்டளை, 1978 முதல் தென்கிழக்கு ஆசிய நூல்களை ஜப்பானிய மொழியில் பெயர்த்து வெளியிட நிதி வழங்கிற்று. எழுச்சி பெறும் நாடுகள் தம் மொழியையும் நூல்களையும் அயலாரிடம் அனுப்புவதே வழக்கம். இங்கோ, அயலார் கதையைத் தம் மக்கள் படிக்க வழி செய்யப்பட்டது. தம்மைப் பிறர் எவ்வாறு காண்கின்றனர் என்பதை அறிய இதனினும் நேரான வழி வேறில்லை.

இவற்றால் பழைய புண்கள் ஆறிவிட்டன என்று கூறுதல் பொருந்தாது. போர்க்காலத்தில் ஜப்பானியப் படையினரின் பாலியல் கொடுமைக்கு ஆளான பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்கள் 1990களில் வாய் திறந்தபோது, கணக்கு மீண்டும் விரிந்தது. 2016 இல் மணிலா சென்ற பேரரசர் அக்கிஹித்தோ, போரில் மாண்ட பிலிப்பைன்ஸ் மக்களை மறவாது குறிப்பிட வேண்டியிருந்தது. எனினும், சிங்கப்பூரின் யூசோப் இஷாக் ஆய்வுக்கழகம் 2019 முதல் அறிஞர், அலுவலர், வணிகர் முதலியோரிடையே நடத்திய கருத்தாய்வுகளில், வல்லரசுகளுள் மிகுந்த நம்பிக்கைக்குரியதாக ஜப்பானே தொடர்ந்து இடம்பெற்றது.

வாகனங்கள் எரிந்த காலத்துக்கும் இந்நம்பிக்கைக்கும் இடையே கடந்தவை ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள். கப்பல் சில நாட்களில் கடந்த கடலை நெஞ்சம் கடக்க இரு தலைமுறைகள் ஆயின. இன்று எழுச்சி பெறும் நாடுகளும் தம் கப்பல்களின் எண்ணிக்கையோடு இக்கால அளவையும் எண்ணிப் பார்த்தல் நலம்.