ஜன்னல் பீடிங்கும் கரிசல் மண்ணும்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில், அம்மா படுக்கிற அறை ஜன்னலைச் சுற்றி நானே மரப் பீடிங் அடித்தேன். தேக்குப் பட்டை, மூலைகளில் 45 டிகிரி வெட்டு, ஆணித்தலை தெரியாமல் மக்கு. தை மாதம் அடித்தபோது மூலைகள் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன. வைகாசியில் பார்த்தால் மேல்மூலையில் நகம் நுழைகிறது. ஒரு பட்டை நீளவாக்கில் பிளந்தே விட்டது.

மரம்தான் மோசம் என்று நினைத்தேன். வந்து பார்த்த வயதான ஆசாரி சிரித்தார். "நெலையும் நடக்கும், சுவரும் நடக்கும் தம்பி. ரெண்டையும் சேத்து ஆணி அடிச்சா நடுவுல இருக்கிறதுதான் பொளக்கும்."

அதன் பிறகுதான் இந்தப் பட்டையின் கதையைத் தேடினேன். கிரேக்கக் கோயில்களில் தூண்களின் தலைமேல் கிடத்திய உத்திரத்துக்குத்தான் முதலில் ஆர்க்கிட்ரேவ் என்று பேர். பின்னால் ஐரோப்பாவில் வாசலையும் ஜன்னலையும் சுற்றி ஓடும் அலங்காரப் பட்டைக்கும் அதே பேர் வந்தது. அழகு போக அதற்கு இன்னொரு வேலை உண்டு: மரமும் பூச்சும் சேரும் இடத்தில் விழுகிற இடைவெளியை மூடுவது.

நம் பழைய வீடுகளில் அலங்காரம் நிலையிலேயே இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கு நிலையையே செதுக்கினார்கள். கனத்த நிலை, கனத்த சுவர். மூடி மறைக்கத் தனிப் பட்டை தேவைப்படவில்லை. நிலை மெலிந்து, சிமெண்ட் பூச்சும் வந்த பிறகு அந்த இணைப்பு கண்ணை உறுத்த ஆரம்பித்தது, பீடிங் வந்தது.

கரிசலில் அந்த இணைப்பு ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. இந்தக் களிமண்ணில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் தன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரை இழுத்து உப்பும்; காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உப்பிய மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. வீட்டின் ஓரத்து மண் ஒரு வேகத்தில் காய, நடுவீட்டு மண் வேறு வேகத்தில் காய்கிறது. அதனால் அஸ்திவாரம் ஒரே சீராக ஏறி இறங்காது. சுவரில் பலவீனமான இடம் ஜன்னல் மூலை. விரிசல் அங்கேதான் சாய்வாகக் கிளம்பும்.

இந்த மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் போல விரியும் பைல் அஸ்திவாரத்தை உருவாக்கியது. குமிழின் விட்டம் தண்டைப் போல சுமார் இரண்டரை மடங்கு; பருவத்துக்குப் பருவம் அசையும் மேல்மண்ணைத் தாண்டி, ஆழத்தில் நங்கூரம் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். 1980இல் வந்த இந்தியத் தர நிர்ணயம் 2911, மூன்றாம் பகுதி இதைப் பற்றியதுதான்.

எங்கள் வீட்டுக்கு அந்த அஸ்திவாரம் கிடையாது. அதனால் பீடிங்கை மட்டும் திருத்தினேன். இடைவெளி அதிகமாக இருக்கும் கோடையில் அளந்து, அதைத் தாராளமாக மூடும் அகலத்தில் பட்டை எடுத்தேன். ஆணியெல்லாம் நிலையில் மட்டும். சுவர் பக்கம் ஆணியும் இல்லை, பசையும் இல்லை, சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது. சுவர் அதன் பின்னால் நகர்ந்துகொள்ளலாம்.

ஒன்று மட்டும் செய்யவில்லை. மேல்மூலையில் பட்டையைத் தாண்டி ஓடும் விரிசலை மக்கு வைத்து மறைக்கவில்லை. அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். அம்மா அதன் கீழே படுக்கிறாள். கோடையில் திறந்து மழைக்கு மூடினால் அது மண்ணின் மூச்சு. மழைக்குப் பிறகும் மூடாமல் கோட்டைத் தாண்டினால், கூப்பிட வேண்டியது ஆசாரியை அல்ல, இன்ஜினியரை.