கொட்டை எழுத்து வந்த கதை

அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நாம் பக்கம் முழுவதையும் படிப்பதில்லை. கறுத்துத் தடித்து நிற்கும் தலைச்சொற்களை மட்டும் தொட்டுக்கொண்டே கண் இறங்கும். அச்சு தோன்றிய நாளிலிருந்தே இந்த வசதி இருந்ததாகத்தான் நினைப்போம். குட்டன்பர்க் காலத்துக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் கழித்து, 1845-இல்தான் லண்டனில் இதற்கென்றே ஓர் எழுத்தை வார்த்தார்கள். அதன் பெயர் கிளாரண்டன்.

அதுவரை ஒரு சொல்லைத் தனித்துக் காட்டச் சாய்வெழுத்து இருந்தது, பெரிய எழுத்து இருந்தது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாதாகையால் நமக்குக் கொட்டை எழுத்தின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். லாட்டரி விளம்பரங்களுக்கான குண்டு எழுத்துகள் இங்கிலாந்தில் முன்பே உண்டு. ஆனால் அவற்றில் ஒரு கோடு உலக்கை, அடுத்த கோடு மயிரிழை! சுவரொட்டிக்குச் சரி; பொடி எழுத்துப் பத்தியின் நடுவே வைத்துப் படிக்க முடியாது.

ஃபான் தெரு எழுத்து வார்ப்பகத்தின் பங்குதாரர் ராபர்ட் பெஸ்லி. அவருக்காக எஃகில் எழுத்து வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் குறைத்தார்கள். எழுத்தின் முனைகளில் குறுக்கே நிற்கும் சிறு கோட்டை, அதாவது செரிஃபை, கனமாக்கி, தண்டோடு சேருமிடத்தில் வளைத்து இணைத்தார்கள். அகலத்தையும் அடக்கினார்கள். சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் கோத்தாலும் துருத்தாமல், அதே சமயம் பளிச்சென்று நின்றது. அகராதி, ரயில் கால அட்டவணை, பாடநூல் எல்லாவற்றுக்கும் இதுதானே வேண்டும்?

பெஸ்லி இதைச் சட்டப்படி பதிவும் செய்தார். 1842-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் அவருக்குத் தந்த பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். ஓர் எழுத்துக் குடும்பத்தின் எல்லா அளவுகளையும் வெட்டி முடிக்கும் உழைப்புக்கு இது மிகக் குறைவு என்பேன். கெடு முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன. பிரிட்டிஷ் அச்சகங்களில் எந்தத் தடித்த எழுத்தையும் 'கிளாரண்டன்' என்றே சொல்லுமளவுக்கு அது பரவியது. பெஸ்லி நொடித்துப்போய்விடவில்லை, 1869-இல் லண்டன் மாநகரின் லார்டு மேயரானார்.

அமெரிக்காவில் அது மரத்துக்கு மாறியது. பெரிய ஈய எழுத்துக்கு விலையும் கனமும் அதிகம். மரக்கட்டையில் வெட்டினால் மலிவு. அங்கே செரிஃபை இன்னும் பருமனாக்கி நாடகம், சர்க்கஸ் சுவரொட்டிகளில் அடித்தார்கள். கௌபாய் படங்களில் 'தேடப்படும் குற்றவாளி' நோட்டீஸ் நினைவிருக்கிறதா? அந்த முரட்டு எழுத்து இந்த வம்சம்தான். பிற்பாடு அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிப் பலகைகளிலும் கிளாரண்டனையே எழுதி வைத்தார்கள்.