சட்டம் யாருக்காக இன்சூரன்ஸ் கேட்டுச்சு?

2015 டிசம்பர், சென்னை வெள்ளம். அப்பாவோட பழைய கார் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள நின்னுச்சு. “இன்சூரன்ஸ்தான் இருக்கே”ன்னு இருந்தோம். பாலிசியை எடுத்துப் பாத்தா வெறும் தேர்ட் பார்ட்டி. ஒரு ரூபாய்கூட வரலை.

கட்டாயம்னு வாங்க வைக்கிற பாலிசி நம்ம காரை ஏன் கண்டுக்கவே இல்லை? அதுக்கு 1930க்குப் போகணும். பிரிட்டனின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கின வருஷம். அவங்க கவலை கார் வச்சிருந்தவரைப் பத்தி இல்லை, ரோட்ல அடிபட்டவரைப் பத்தி. இடிச்சவர்கிட்ட காசு இல்லைன்னா, கோர்ட்ல ஜெயிச்சும் அந்தக் குடும்பத்துக்குக் கையில வெறும் காகிதம்தான்.

இந்தியாவின் 1939 மோட்டார் வாகனச் சட்டமும் இதே வழிதான். அதுல இன்சூரன்ஸ் அத்தியாயம் 1946 ஜூலையிலதான் அமலுக்கு வந்துச்சு. 1988ல புதுச் சட்டம் வந்தப்போ, அடுத்தவர் சொத்துச் சேதத்துக்குச் சட்டம் கேட்ட குறைந்தபட்சம் 6,000 ரூபாய். இன்னிக்கு அதுல ஒரு ஹெட்லைட் வாங்கறதே கஷ்டம்!

ஆக, நம்ம வண்டிக்கு ‘ஓன் டேமேஜ்’ நாமளாத்தான் சேர்க்கணும். அதுலயும் ஒரு சிக்கல். தேங்கின தண்ணியில ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போச்சுன்னா, சாதாரண காம்ப்ரிஹென்சிவ்ல பெரும்பாலும் கிளெய்ம் கிடைக்காது. எஞ்சின் புரொடெக்ஷன் தனி ஆட்-ஆன்.

அடுத்த கார் வாங்கினப்போ அப்பா கலரைக்கூடப் பாக்கலை. முதல்ல கேட்டது அந்த ஆட்-ஆனைத்தான்.