கல்லில் விழுந்த பேர்

பண்டைய எகிப்து என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவை பிரமிட்டுக்களும், தைலமிட்டுத் துணி சுற்றிய அரச உடல்களுமே. இவற்றின் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. உடலையும் உயிரையும் போலவே பெயரும் மனிதனின் ஒரு கூறு. அது அழிந்தால் அவன் மறுமுறையும் இறக்கிறான் என அம்மக்கள் கருதினர். ஆகவேதான் மன்னர்கள் தம் பெயரைக் கல்லில் ஆழச் செதுக்கி, அதைச் சுற்றிக் காவலாக ஒரு வளையமும் இட்டனர்.

மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்தவர்களின் பெயர்கள் என்னவாயின?

நைல் நதியின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே டேர் எல்-மதீனா என்ற பாழூர் உள்ளது. கல்லறைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். ஒரே மதிலுக்குள் சுமார் 70 வீடுகள், பொதுச்சுவரோடு வரிசையாக நிற்கின்றன. லயத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு நான்கைந்து அறைகள் இருந்தன. நமக்கு ஒரு காம்பிரா. வேலையாட்கள் இரு பிரிவினர். பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளர். கணக்கெழுத ஓர் எழுத்தர். சம்பளம் தானியம்: ஆளுக்கு மாதம் ஐந்தரை மூடை.

அந்த எழுத்தர்களின் கணக்கொன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேசின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் சில்லு அது. சுமார் 40 பேரின் பெயர்கள், வேலைக்கு வராத நாட்கள், வராத காரணங்கள். ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவனுக்குக் கண்நோய், ஒருவன் மதுபானம் காய்ச்சினான், ஒருவன் தாயின் சடலத்துக்குத் துணி சுற்றப் போனான். சுமார் 3,250 ஆண்டுகள் கழிந்தும் அந்த வீட்டுத் துக்கம் நமக்குத் தெரிகிறது.

மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆண்டில் தானியம் தாமதித்தது. பசி தாங்காத தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, கோயிலொன்றின் பின்புறம் போய் அமர்ந்தனர். எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுவே. அதை விவரிக்கும் பப்பிரசு ஏடு இத்தாலியின் தூரின் நகரில் உள்ளது.

எகிப்து மண் தமிழ்ப் பெயர்களையும் காத்தது. செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் எனத் தமிழ்ப் பிராமியில் இரு பெயர்கள் உள்ளன. வணிகம் நாடிக் கடல் கடந்தோர் எழுதிவைத்தவை.

பிழைப்புத் தேடிக் கடல் கடந்து இம்மலைக்கு வந்தவர்களோ, ஒரு நாள் சம்பளத்தையே ‘பேர்’ என்றார்கள். செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பெயரே உழைப்பு, பெயரே சோறு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனின் பெயரை நாம் அறிவோம். காடழித்துத் தேயிலை நட்ட தலைமுறையில் எத்தனை பெயர்களை அறிவோம்?

இது வெறும் உணர்ச்சிக் கேள்வியன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இத்தீவில் பிறந்ததற்கு அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குச் சான்று கேட்டது. ஆண்டுக்கணக்காகச் செக்ரோலில் பேர் விழுந்தவர்கள் பலரிடம் அந்தக் கடுதாசி இல்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வழி பிறக்கவில்லை.

எகிப்தியத் தொழிலாளியின் பெயரை வறண்ட மணல் காத்தது. நம் மலையிலோ மழையும் மூடுபனியும் கறையானும். பழைய செக்ரோல்கள் எங்கேனும் எஞ்சியிருந்தால் அவற்றைப் பேணவேண்டும். நேயர்களே, உங்கள் வீட்டு முதியவரிடம் இன்றே கேளுங்கள்: கப்பலேறி வந்த முதல் ஆளின் பெயர் என்ன? எந்த ஊர்? எந்தத் தோட்டம்? கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவருக்குச் சேரவேண்டிய ஒரு பேர் அது.